அந்தமானில் எட்டு நாட்கள்

உழைப்புக்கு இடையே ஓய்வும் வேண்டும். பூட்டிய நாணை அவிழ்க்காமல் வைத்திருந்தால் வில்லும் வலிமை இழக்கும் என்பர். பல ஆண்டுகள் இடைவிடாது ஆசிரியப் பணி செய்த எனக்கு உடல்நலம் சிறிது குன்றியது. மருத்துவர் என்னைச் சோதித்துவிட்டு, “மருந்தினும் உமக்கு வேண்டுவது கடற்காற்றும் கவலையின்மையுமே, எங்கேனும் சென்று சில நாள் தங்கி வாரும்” என்றார். அந்தமானில் குடியேறி வாழும் என் பழைய மாணவர் ஒருவர் பல முறை என்னை அழைத்திருந்தார். ஆகவே, அரையாண்டு விடுமுறையில் அங்குச் செல்வதென்று முடிவு செய்தேன். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் தம்பி மகனையும் உடன் அழைத்துச் செல்ல இசைந்தேன்.

பயணச் செய்தியை என் தாயாரிடம் கூறினேன். எண்பது வயதைக் கடந்த அவர் திடுக்கிட்டு, “அப்பா! அந்தமானுக்குப் போகும்படி நீ என்ன குற்றம் செய்தாய்?” என்று வினவினார். நான் நகைத்தேன். ஆனால் அவ்வினாவில் ஒரு வரலாறே அடங்கியிருந்தது. அவர் இளமையில், ‘அந்தமானுக்கு அனுப்புதல்’ என்றால் மீளாத தண்டனை என்பதே பொருள். தீவாந்தரத் தண்டனை என்று ஊரார் அஞ்சிக் கூறியது அதனையே. அவ்வாறு அஞ்சிய இடத்திற்கு இன்று மக்கள் இன்பப் பயணம் செல்கின்றனர். இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை நேரில் காணும் ஆவலோடு புறப்பட்டேன்.

சென்னையிலிருந்து அந்தமான் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கப்பலில் சென்றால் மூன்று நாள் ஆகும். வானூர்தியில் இரண்டரை மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். நாங்கள் வானூர்தியில் சென்றோம். நெடுநேரம் கீழே நீலக் கடலையன்றி வேறொன்றும் காணவில்லை. பின்னர்த் திடீரென்று பச்சைக் கம்பளத்தைக் கிழித்து எறிந்தாற்போலச் சிறியவும் பெரியவுமான தீவுகள் தோன்றின. ஒவ்வொரு தீவைச் சுற்றிலும் வெண்மணற்கரை. அதனை அடுத்து இளம்பச்சை நீர். அதற்கு அப்பால் கருநீலக் கடல். “பெரியப்பா, கடலுக்கு இத்தனை நிறங்கள் உண்டா?” என்று சிறுவன் வியந்தான்.

அந்தமான் நிக்கோபார் என்பன ஐந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளின் கூட்டம். அவற்றுள் மக்கள் வாழ்வன நாற்பதுக்கும் குறைவே. பர்மாவின் மேற்கு மலைத்தொடர் கடலுக்குள் மூழ்கித் தெற்கே சுமத்திரா வரை செல்கின்றது. அம்மலைகளின் முடிகளே நீருக்கு மேலே தீவுகளாகக் காட்சி அளிக்கின்றன. அந்தமான் கூட்டத்தையும் நிக்கோபார் கூட்டத்தையும் பத்துப் பாகைக் கால்வாய் என்னும் அகன்ற கடற்பகுதி பிரிக்கின்றது. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் ‘மாநக்கவாரம்’ நிக்கோபாரே என்பர் வரலாற்று அறிஞர். அவனுடைய கப்பற்படை சென்ற வழியில் இத்தீவுகள் இருந்தன.

தலைநகரை நீண்ட காலம் போர்ட் பிளேர் என்று வழங்கினர். 1789ஆம் ஆண்டில் இத்தீவுகளை அளந்து ஆராய்ந்த ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரியின் நினைவாக வந்த பெயர் அது. 2024ஆம் ஆண்டு அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் சூட்டப்பட்டது. எனினும், பழைய பெயரும் மக்கள் வாயில் வழங்கி வருகின்றது. மேடும் பள்ளமுமான அந்நகரில் வங்காளியும் தமிழும் இந்தியும் தெலுங்கும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கக் கேட்டோம். வெற்றிமலை முருகன் கோயில் மணியோசை கேட்டபோது, தமிழ்நாட்டை விட்டு வந்தோம் என்பதையே மறந்தோம்.

முதல் நாள் மாலையிலேயே ஒரு புதுமையைக் கண்டோம். ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னரே கதிரவன் மறைந்துவிட்டான். சிறுவன் தன் கைக்கடிகாரம் ஓடவில்லை என்றே எண்ணினான். இந்தியா முழுமைக்கும் நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கக் கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுகின்றது. அந்தமானோ அதற்கு ஏறத்தாழப் பத்துப் பாகை கிழக்கே உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், அங்குக் கதிரவன் நாற்பது நிமிடம் முன்னதாகவே தோன்றி, முன்னதாகவே மறைகின்றான். புத்தகத்தில் படித்த பாடத்தைக் கடற்கரையில் நின்று கண்ணாரக் கண்டான் சிறுவன்.

மறுநாள் செல்லுலார் சிறைக்குச் சென்றோம். 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், அதில் ஈடுபட்டோரை நாடு கடத்த இத்தீவுகளைத் தேர்ந்தெடுத்தனர். 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் இருநூறு கைதிகளோடு முதற்கப்பல் வந்து சேர்ந்தது. அவர்கள் காட்டை வெட்டினர், சாலை அமைத்தனர், காய்ச்சலால் மடிந்தனர். பின்னர், 1896ஆம் ஆண்டு தொடங்கி 1906ஆம் ஆண்டில் இச்சிறை கட்டி முடிக்கப்பட்டது. அதனைக் கட்டிய கைகளும் கைதிகளின் கைகளே.

நடுவே ஒரு காவற்கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரைக்கால்களைப்போல ஏழு நீண்ட மூன்றடுக்குக் கட்டடங்கள். அறுநூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சிற்றறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரே ஒருவர். ஒரு வரிசையின் முன்புறம் மற்றொரு வரிசையின் பின்புறத்தையே நோக்குமாறு கட்டியிருந்தமையால், ஒரு கைதி மற்றொருவர் முகத்தைக் காணவும் இயலாது. கதவின் தாழ்ப்பாளோ, உள்ளிருப்பவர் கைக்கு எட்டாதவாறு சுவரினுள் தள்ளி அமைக்கப்பட்டிருந்தது. பரீந்திர குமார் கோஷ், சாவர்க்கர் உடன்பிறந்தார், படுகேசுவர தத் முதலிய பலர் இங்கு அடைபட்டிருந்தனர். மாடுகள் இழுக்கும் செக்கினை மனிதர் இழுத்தனர். நாளொன்றுக்கு முப்பது இராத்தல் தேங்காய் எண்ணெய் ஆட்டித் தரவேண்டும். குறைந்தால் அடியும் விலங்கும் காத்திருக்கும். 1933ஆம் ஆண்டு, மனிதருக்குரிய நடத்தையை வேண்டிக் கைதிகள் உண்ணாநோன்பு இருந்தபோது மகாவீர் சிங், மோகன் கிசோர் நமதாசு, மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் துறந்தனர்.

சிறுவன் ஓர் அறையினுள் சென்று கதவைச் சாத்தச் சொன்னான். நான் சாத்தினேன். கடற்காற்று அவ்வறைக்குள் புகவில்லை. அலையோசை மட்டும் மெல்லக் கேட்டது. சிறிது நேரத்தில் வெளியே வந்தவன், “பெரியப்பா, கடல் அருகில் இருந்தும் காண முடியவில்லையே!” என்றான். நான் மறுமொழி கூறவில்லை. கடற்காற்றை நாடி வந்தவன் நான்; அக்கடலின் ஓசையையே தண்டனையாகக் கேட்டு ஆண்டுகளைக் கழித்தவர்கள் அவர்கள்!

இரண்டாம் உலகப்போரில் 1942 முதல் 1945 வரை இத்தீவுகள் ஜப்பானியர் வசம் இருந்தன. அக்காலத்திலும் தீவு மக்கள் பெருந்துன்பம் உற்றனர். 1943ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் நேதாஜி சுபாசு சந்திர போசு இங்கு மூவண்ணக் கொடியை ஏற்றினார். ஏழு கட்டடங்களுள் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே. இடிக்கப்பட்ட பகுதியில் பொது மருத்துவமனை ஒன்று எழுந்துள்ளது. எஞ்சியவற்றையும் இடித்துவிடக் கூடாது என்று முன்னாள் கைதிகள் வற்புறுத்தினர். 1979ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் இச்சிறை நாட்டின் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. துன்பம் தந்த சுவர்களைத் துன்புற்றவர்களே காக்க முன்வந்தது எண்ணத்தக்கது.

சிறைக்கு எதிரே கடலில் தோன்றும் சிறு தீவு ராஸ். 2018ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் நேதாஜி சுபாசு சந்திர போசு தீவு. படகில் கால் மணி நேரத்தில் அதனை அடைந்தோம். ஆங்கில அதிகாரிகள் வாழ்ந்த இடம் அது. மாளிகையும் தேவாலயமும் நடனக்கூடமும் அடுமனையும் அமைத்துக்கொண்டு அவர்கள் இன்பமாக வாழ்ந்தனர். ஒரு கரையில் செக்கிழுப்பு. மறுகரையில் இசையும் கூத்தும்! இடையே இருந்தது சிறிதளவு கடலே. 1941ஆம் ஆண்டு நிலநடுக்கமும் அதனை அடுத்து வந்த போரும் அவ்வாழ்வை முடித்துவைத்தன. இன்று ஆலும் அத்தியும் அச்சுவர்களைத் தம் வேர்களால் தழுவி நிற்கின்றன. கூரையற்ற கூடங்களில் புள்ளிமான்கள் அச்சமின்றி உலவுகின்றன.

அடுத்து, ஹாவ்லாக் என்று பெயர் பெற்றிருந்து, இன்று ஸ்வராஜ் தீவு என வழங்கும் தீவில் மூன்று நாள் தங்கினோம். மருத்துவர் கூறிய ஓய்வை அங்குத்தான் முழுமையாகப் பெற்றேன். இராதாநகர்க் கடற்கரையின் அழகை என்னென்று உரைப்பது! மாவைச் சலித்துப் பரப்பினாற்போன்ற வெண்மணல். அதன் விளிம்பு வரை வந்து நிற்கும் வானளாவிய காட்டு மரங்கள். காலைத் தழுவி மீளும் பளிங்கு போன்ற நீர். காலையில் மணலில் நடந்தோம். நண்பகலில் மர நிழலில் இளநீர் பருகிப் படுத்திருந்தோம். மாலையில் செவ்வானம் கடலில் கரைவதைக் கண்டோம். கடிதமில்லை, மணியோசையில்லை, திருத்தவேண்டிய விடைத்தாள்களும் இல்லை. மனம் அலையடங்கிய குளம்போலத் தெளிந்தது. தெளிந்த மனத்தில் எண்ணங்கள் தாமே தோன்றும். ஓய்வின் பெரும்பயன் அதுவே என்று உணர்ந்தேன்.

அக்கடற்கரையில் சிறுவன் வெண்மையான கிளை வடிவில் ஒரு பவளத் துண்டைக் கண்டெடுத்தான். அதனை ஊருக்குக் கொண்டுசென்று தோழர்களுக்குக் காட்டவேண்டும் என்னும் ஆசையால், என்னிடமும் கூறாமல் பையில் ஒளித்து வைத்துக்கொண்டான்.

தலைநகருக்கு மீண்டபின், வாண்டூர் என்னும் இடத்திலிருந்து ஜாலி பாய் என்னும் தீவுக்குச் சென்றோம். அது மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அங்குப் பிளாஸ்டிக் பொருள் எதனையும் கொண்டுசெல்ல விடுவதில்லை. அடியில் கண்ணாடி பதித்த படகில் அமர்ந்து கடலடியை நோக்கினோம். ஆ! அங்கே ஒரு பூந்தோட்டமே மலர்ந்திருந்தது. மான்கொம்பு போன்றனவும், மனித மூளை போன்றனவும், விரித்த விசிறி போன்றனவுமான பவளங்கள். அவற்றினிடையே மஞ்சளும் நீலமும் கோடிட்ட மீன்கள் கூட்டங்கூட்டமாகத் திரிந்தன.

படகோட்டி விளக்கலானார்: “இவை செடியும் அல்ல, கல்லும் அல்ல, கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கட்டிய வீடு. இவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கின்றது. பாசி கதிரொளியால் உணவு ஆக்கிப் பவளத்திற்குத் தருகின்றது. பவளம் பாசிக்கு இடம் தருகின்றது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் இந்நட்பு முறியும், பாசி நீங்கும், பவளம் வெளுக்கும். வெப்பம் விரைவில் தணியாவிடில் இறந்துபடும். 1998ஆம் ஆண்டிலும் 2010ஆம் ஆண்டிலும் இங்குப் பவளங்கள் பெருவாரியாக வெளுத்தன. பாறை போன்ற பவளம் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒருவர் காலால் மிதித்து உடைப்பதற்கு ஒரு நொடி போதும்.”

“கரையில் ஒதுங்கிய இறந்த பவளத்தை எடுத்தால் என்ன?” என்று சிறுவன் தாழ்ந்த குரலில் கேட்டான். “தம்பி, இறந்த பவளமும் கடலுக்கு வேண்டும். புதிய பவளம் பற்றி வளர்வது பழையதன் மீதுதான். அது பொடிந்தே இவ்வெண்மணல் ஆகின்றது. ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தால் கரைக்கு என்ன எஞ்சும்? அதனை எடுத்துச் செல்வதைச் சட்டமும் தடுக்கின்றது” என்றார் அவர். படகு கரையை அடைந்தது. சிறுவன் சற்றுத் தொலைவு தனியே நடந்து, முழங்கால் அளவு நீரில் நின்று, பையிலிருந்து ஏதோ எடுத்து மெல்ல நீருக்குள் விட்டான். திரும்பி வந்தவன் நடந்ததைத் தானே கூறினான். அவன் எடுத்தது பிழை. ஆயினும், யாரும் ஏவாமல் அதனைத் திருத்திக்கொண்டது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

ஏழாம் நாள் என் மாணவர், “ஐயா, நாளைக்குப் பாராடாங் சென்று சுண்ணாம்புக் குகைகளைக் கண்டு வரலாம், அங்குக் குமிழியிடும் சேற்று எரிமலையும் உண்டு” என்றார். அவை இயற்கையின் விந்தைகளே. ஆனால், அங்குச் செல்லும் சாலை ஜாரவா என்னும் பழங்குடியினர் வாழும் காட்டின் ஊடே செல்கின்றது. வண்டிகள் காவலோடு ஒன்றாகச் செல்லவேண்டும். வழியில் நிற்கவோ, அம்மக்களைப் படம் எடுக்கவோ, அவர்களுக்கு உணவு கொடுக்கவோ கூடாது என்பது விதி. “சிலர் குகையைக் காண வருவதில்லை, ஐயா, அம்மக்களைக் காணவே வருகின்றனர்” என்று அவரே வருத்தத்துடன் கூறினார்.

நான் சிந்தித்தேன். அயலார் வருகை இத்தீவின் முதற்குடிகளுக்கு என்ன கொண்டுவந்தது? 1858ஆம் ஆண்டில் பெரும் அந்தமானியர் பல்லாயிரவராக வாழ்ந்தனர். புதிதாக வந்த தட்டம்மை முதலிய நோய்களைத் தாங்கும் ஆற்றல் அவர்கள் உடலுக்கு இல்லை. இன்று அவ்வினத்தார் நூற்றுவருக்கும் குறைவு. அவர்களுடைய மொழிகளுள் ஒன்று போ. அதனைப் பேசிய கடைசி மனிதரான போவா மூதாட்டியார் 2010ஆம் ஆண்டு சனவரியில் காலமானார். அவரோடு அம்மொழியும் மறைந்தது. தம் தாய்மொழியில் ஒரு சொல் பேச, மறுசொல் கூற ஒருவரும் இல்லாத தனிமையை நம்மால் எண்ணிப் பார்க்க இயலுமா?

இவற்றை எல்லாம் எண்ணி, “குகையை நான் படத்தில் கண்டுகொள்கின்றேன், நாளைக் கடற்கரையிலேயே இருப்போம்” என்று கூறிவிட்டேன். சிறுவனுக்குச் சிறிது ஏமாற்றமே. எனினும், “நம் வீட்டு முற்றத்தின் வழியாக நாள்தோறும் வண்டிகளில் வந்து நம்மை எட்டிப் பார்த்தால் நாம் விரும்புவோமா?” என்று கேட்டேன். அவன் சிறிது நேரம் சிந்தித்து, “விரும்பமாட்டோம்” என்றான்.

கடைசி நாள் மாலையில் கடற்கரையில் ஒரு முதியவரோடு உரையாடினோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது கடல் உள்வாங்கியதையும், பின் சீறி எழுந்ததையும் அவர் விவரித்தார். நிக்கோபாரில் ஊர்கள் பல அழிந்தன. நாட்டின் தென்கோடியான இந்திரா முனையில் நிலமே பல அடி தாழ்ந்தது. “ஆனால், சிறிய அந்தமானில் வாழும் ஓங்கே மக்கள் நிலம் நடுங்கியவுடனே மேட்டு நிலத்திற்கு ஓடிப் பிழைத்தனர். எழுத்தறியாத அவர்களுக்கு முன்னோர் சொல்லே பாடமாயிற்று” என்றார் அவர். கல்வி என்பது ஏட்டில் மட்டும் இல்லை என்பதை ஆசிரியனாகிய நான் அன்று மீண்டும் கற்றேன்.

எட்டு நாள் கழிந்தன. உடல் தேறி ஊர் திரும்பினேன். தாயார் வாயிலில் நின்று, “அந்தமானிலிருந்து மீண்டு வந்தாயா?” என்று அன்போடு கேட்டார். “வந்தேன், அம்மா. நான் ஓய்வு நாடிச் சென்றேன், ஓய்வும் பெற்றேன். ஆனால், அங்கு ஓய்வின்றி உழன்று மீளாமற்போனவர்கள் பலர். நான் சுதந்தரமாகச் சென்று சுதந்தரமாக மீண்டது அவர்களால்தான்” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர்ப் பேரனை நோக்கி, “உனக்கு அங்கிருந்து என்ன கொண்டுவந்தாய்?” என்று கேட்டார். அவன் வெறுங்கையை விரித்துக் காட்டிச் சிரித்தான். “ஒன்றும் கொண்டுவரவில்லை, பாட்டி. எல்லாம் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்” என்றான்.

மாணவர்களே! நீங்களும் ஒரு நாள் அத்தீவுகளைக் காணச் செல்லலாம். கடலில் களித்தாடுங்கள், மணலில் ஓடி விளையாடுங்கள், கண் குளிரக் காணுங்கள். சிறைச்சாலையின் முன் ஒரு கணம் தலை தாழ்த்தி நில்லுங்கள். திரும்பும்போது, உங்களுக்குப் பின் வருவோரும் அதே அழகைக் காணுமாறு விட்டுவிட்டு வாருங்கள்.